பெயர் தெரியாத ஹாசில் ஸ்டாம்பு: எந்த வழியில் அடையாளம் காண்பது?

"ஐயா, தாத்தாவோட பிஸ்கட் டின்னுல இருந்துச்சு. தபால் தலை மாதிரி இருக்கு, ஆனா தபால் தலை இல்லைன்னு சொல்றாங்க. யாருகிட்ட காட்டுறது?"

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவருடைய பேரன் போன மாதம் இப்படிக் கேட்டார். கூடவே எட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார். இதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (நகர்ப்புறக் குடியிருப்புக்கு) குடிபோகும்போது பரண்மேல் இருந்த தகரப் பெட்டி கீழே இறங்கும். அதற்குள் பழைய ரசீது, புரோநோட்டு, நிலக் கிராண்டு, கல்யாணப் பத்திரிகை. சில தாள்களின் மூலையில் ஒரு சின்ன ஸ்டாம்பும் அதன்மேல் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும்.

அவை வரி கட்டியதற்கு அடையாளமாகப் பத்திரத்தில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்புகள். நம் நாட்டில் 'ஹாசில்' (மலாயில் அரசு வருவாய்) என்று அச்சாகி வந்ததால் ஹாசில் ஸ்டாம்பு என்றே பேர். தபால் தலை சேர்ப்பவர்கள் இவற்றை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தார்கள். அதனால் வழக்கமான தபால் தலைப் புத்தகத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அடையாளம் காண நான்கு வழிகள் உண்டு. நான்கையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன், ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

முதலில், எதை வைத்து எடைபோடுவது

உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த நாடு, எந்தக் காலம் என்று தெரிந்தால் போதுமா? எதற்கான வரி என்றும் தெரியவேண்டுமா? விற்றால் என்ன கிடைக்கும் என்பதா? அசலா போலியா என்பதா? நான்கும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரு சாயங்காலம் போதும். கடைசிக் கேள்விக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அடுத்து, பணமும் நேரமும். அதற்கடுத்து, என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது: அந்த வழியில் போனால் ஸ்டாம்புக்கும் அது ஒட்டியிருக்கும் தாளுக்கும் சேதம் வருமா? நாடு எது என்று தவறாகச் சொன்னால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். தாளிலிருந்து உரித்த ஸ்டாம்பைத் திரும்ப அதே இடத்தில் வைக்க முடியாது.

வழி ஒன்று: தாளோடு வைத்து நாமே படிப்பது

செலவே இல்லாத வழி இது. தோட்டப்புறத்துத் தமிழர்களுக்கு மற்ற எவருக்கும் இல்லாத வசதியும் இதில் இருக்கிறது. பேரன் அனுப்பிய எட்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

மங்கிய ஊதா நிறம். நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை. 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்று பெயர், 25 சென் மதிப்பு. ஒட்டியிருப்பது ஒரு புரோநோட்டில். ஸ்டாம்பின் குறுக்கே கறுப்பு மையில் ஓடும் கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாக விழுந்திருக்கிறது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் 'ஸ்ரீமுக ௵ தை ௴ ௰௨ ௳' என்று இருந்தது.

பேரனுக்கு அது கோலம் மாதிரி தெரிந்திருக்கிறது. செட்டியார் கணக்கேடு பார்த்தவர்களுக்குப் புரியும்: ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௰௨ பன்னிரண்டு. ஸ்ரீமுக வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1933 ஏப்ரலில் ஒன்று பிறந்தது, அடுத்தது 1993இல். ஐந்தாம் ஜார்ஜ் ஆண்டது 1910 முதல் 1936 வரை. ஆகவே இது 1933இல் பிறந்த ஸ்ரீமுகதான். அந்தத் தை 12 என்பது 1934 ஜனவரி கடைசி வாரம். நாடு, காலம் இரண்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டன.

இன்னும் ஒன்று இருக்கிறது. சுங்கை சிப்புட் பேராக்கில் இருக்கிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1895இல் கூட்டு மலாய் மாநிலங்களாகச் சேர்ந்தவை. அந்த மாநிலங்களுக்குப் பாயும் புலியும் யானைகளும் போட்ட தனி ஸ்டாம்புகள் இருந்தன. ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்டாம்போ பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு உரியது. அப்படியானால் இந்த நோட்டு பேராக்கில் எழுதியதாக இருக்காது. பினாங்கு வீதிக் கிட்டங்கி (செட்டியார் வட்டிக்கடை) ஒன்றில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்பது என் ஊகம். நோட்டின் உள்ளே கடைசி வரியில் 'பினாங்கு' என்றே இருந்ததைப் பேரன் பிறகு படித்துச் சொன்னார். ஸ்டாம்பை மட்டும் உரித்து எடுத்திருந்தால், தாத்தா கடன் வாங்கப் பினாங்குவரை போன கதை குப்பைக்குப் போயிருக்கும்.

தாள் இல்லாமல் உதிரியாகக் கிடைக்கும் ஸ்டாம்பிலும் எழுத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடியும்:

- 'ஹாசில்' என்றால் மலேசியப் பக்கம். ஜாவி (அரபு வடிவில் எழுதும் மலாய்) எழுத்து மட்டும் இருந்தால் கெடா, கிளந்தான், திரங்கானு, ஜொகூர் போன்ற மாநிலங்களைச் சந்தேகியுங்கள். ஜாவி எண்கள் பத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் மதிப்பைப் படித்துவிடலாம்.
- 'பிளாக்ஸேகல்' என்றால் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள். 'மெத்தராய்' என்றால் சுதந்திர இந்தோனேசியா. இந்த இரண்டையும் மலாய் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.
- தாய் எழுத்து இருந்தால் உடனே 'இது நம்ம ஊருது இல்லை' என்று தள்ளாதீர்கள். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் 1909 வரை சயாமின் கீழ் இருந்தன. 1943இல், மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் மறுபடி தாய்லாந்திடம் கொடுத்தார்கள்.
- '2602' என்று மேலச்சு (அச்சான ஸ்டாம்பின்மேல் பிறகு அடித்த எழுத்து) இருந்தால் அது விலையோ வரிசை எண்ணோ இல்லை. ஜப்பானிய ஆண்டுக்கணக்கு அது, 1942ஐக் குறிக்கும். 2603 என்றால் 1943.
- 'பி.எம்.ஏ. மலாயா' மேலச்சு, ஜப்பானியர் போனபிறகு வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தினுடையது. 1945இல் தொடங்கியது.
- 'இந்தியா போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ' என்று இருந்தால் தபாலுக்கும் வரிக்கும் பொது. இந்தியாவில் 1906இல் இந்த வாசகம் வந்தது. ஊரிலிருந்து வந்த பத்திரங்களில் நிறையப் பார்க்கலாம்.

பொது ஸ்டாம்பில் பேனாக் கோடு, கையெழுத்து, கம்பெனி ரப்பர் முத்திரை, துளை இவற்றில் ஒன்று இருந்தால் அது வரிக்குப் பயன்பட்டது. வட்டமான தபால் முத்திரை, ஊர்ப் பெயரோடு இருந்தால் கடிதத்தில் போனது. விலையில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பேனா பட்டதற்குச் சாதாரணமாக விலை குறைவு.

இந்த வழியின் மறைவான செலவைச் சொல்லவேண்டும். தாளோடு இருக்கும்வரை ஸ்டாம்பின் பின்பக்கம் பார்க்க முடியாது. நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளம், தெரியாது. பிரிட்டிஷ் காலனி ஸ்டாம்புகளில் கிரீடமும் 'சி.ஏ.' எழுத்தும் சேர்ந்த நீர்க்குறி 1904இல் தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதாக மாறியது, 1921இல் அந்த எழுத்து சாய்வெழுத்தானது. ஒரே தலை, ஒரே நிறம், இரண்டு நீர்க்குறி என்றால் பட்டியலில் இரண்டு எண்கள், இரண்டு விலைகள். அதற்காக நான் ஸ்டாம்பை உரிக்கமாட்டேன். 1934 தேதி போட்ட தாளில் இருப்பது பெரும்பாலும் 1921க்குப் பிந்திய நீர்க்குறிதான் என்று தாளே சொல்கிறது.

ஒருமுறை உரித்துவிட்டேன். பதினெட்டு வயதில், தபால் தலைகளைப் போல இதையும் தண்ணீர்த் தட்டில் போட்டேன். சுண்ணப் பூச்சுத் தாளில் அச்சான ஊதா நிற டாலர் ஸ்டாம்பு அது. பேனா மையை அழித்து மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க, அந்தக் காலத்தில் ஈரம் பட்டால் கரையும் மையில் அச்சடித்தார்கள். ஊதாவும் பச்சையும்தான் அதில் அதிகம். பத்து நிமிடத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. மன்னர் முகம் வெளுத்துப்போய் மேலே வந்தது. அந்தத் தட்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

எப்போது இந்த வழி சரி: தாள் கையில் இருக்கும்போதெல்லாம், வேறு எந்த வழிக்குப் போகும் முன்பும்.

வழி இரண்டு: கைத்தொலைபேசியில் படத் தேடல்

கூகல் லென்ஸில் படம் எடுத்துக் காட்டினால் சில நொடியில் அதே போன்ற படங்கள் வந்துவிடும். இலவசம், வேகம். நாடு எது என்றே புரியாத எழுத்து இருந்தால், உதாரணமாகச் சீனமோ தாயோ, இது நல்ல ஆரம்பம். எழுத்தை மொழிபெயர்த்தும் காட்டும்.

காலனி ஸ்டாம்புகளில்தான் இது வழி தவறுகிறது. லண்டன் அச்சகமான டி லா ரூ ஒரே மன்னர் தலையை ஓர் அச்சுத் தட்டில் செய்து வைத்து, நாட்டின் பெயரையும் மதிப்பையும் இன்னொரு தட்டில் தனியாக அச்சடித்தது. அதனால் பல காலனிகளின் ஸ்டாம்புகள் பார்வைக்கு உடன்பிறப்புகள் போல இருக்கும். தேடல் கருவி பல சமயம் முகத்தைப் பார்த்துவிட்டு, நாட்டின் பெயரைக் கவனிக்காமல் விடுகிறது. நான் காட்டிய ஒரு ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்டாம்புக்கு ஆப்பிரிக்கக் காலனி ஒன்றின் பெயரைச் சொன்னது.

விலையிலும் கவனம் தேவை. அங்கே தெரிவது விற்பவர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை.

பெரிய மறைவுச் செலவு ஒன்று உண்டு. பேரன் முழு புரோநோட்டையும் படம் எடுத்து ஒரு முகநூல் குழுவில் போடப்போனார். நான் தடுத்தேன். அதில் கடன் வாங்கியவர் பெயர், கைநாட்டு, அடமானம் வைத்த நிலத்தின் எண் எல்லாம் இருந்தன. அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். ஸ்டாம்பையும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்தையும் மட்டும் படம் எடுங்கள். பெயரை மூடுங்கள். அடையாள அட்டை எண்ணை நிச்சயமாக மூடுங்கள்.

எப்போது சரி: உதிரி ஸ்டாம்புகள் நூறு இருநூறு இருந்து, நாடு வாரியாகப் பிரிக்கவேண்டும் என்றால். கடைசி முடிவுக்கு இது போதாது.

வழி மூன்று: பட்டியல் புத்தகம்

ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியல் தபால் தலைகளுக்கானது. வரிக்கு மட்டும் வந்த ஸ்டாம்புகளை அதில் தேடிக் களைத்துப்போகாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளின் ரெவின்யூ ஸ்டாம்புகளுக்கு பேர்ஃபுட் பட்டியல்தான் எல்லோரும் எடுத்துப் பேசுவது. ஒரு ஸ்டாம்புக்கு 'பேர்ஃபுட் எண்' சொன்னால் எந்த நாட்டுச் சேகரிப்பாளருக்கும் புரியும். பிரெஞ்சு மொழியில் ஃபோர்பேன் 1915இல் போட்ட உலகப் பட்டியலும் உண்டு. பழையது என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரெஞ்சு தெரியவேண்டியதில்லை, நாட்டுப் பெயரும் நிறமும் எண்ணும் புரிந்தால் போதும். ஆனால் 1915க்குப் பிறகு வந்த எதுவும் அதில் இராது. ஜப்பானியர் காலமும் மலேசிய 'ஹாசில்' காலமும் அதற்கு வெளியே.

செலவு: பேர்ஃபுட் பவுண்டில் விலை, கப்பலிலோ விமானத்திலோ வரும் கூலி, பிறகு பழகும் காலம். மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டியலைப் படிக்க ஸ்டாம்பின் ஓரத்துத் துளை அளவு தெரியவேண்டும். இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை பல் என்பதுதான் அந்த எண். நீர்க்குறி பார்க்கக் கறுப்புத் தட்டும் லைட்டர் பெட்ரோலும் தேவைப்படும். அது தீப்பிடிக்கும் பொருள். பலகை வீட்டுக்குள், சாமி விளக்குப் பக்கத்தில் வேண்டாம், வெளி வராந்தாவில் வையுங்கள்.

எட்டு ஸ்டாம்புக்காகப் புத்தகம் வாங்குவது வீண். மாதம்தோறும் சேர்க்கிறவர், ஐம்பதுக்கு மேல் வைத்திருப்பவர், நண்பர்கள் மூவராகச் சேர்ந்து ஒன்று வாங்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தோம். அந்தப் பிரதியின் ஸ்ட்ரெயிட்ஸ் பக்கங்கள் விரல் பட்டுப்பட்டு இப்போது மஞ்சளாகிவிட்டன.

வழி நான்கு: தெரிந்தவரிடம் காட்டுவது

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

ஊரில் இருக்கும் பழைய கிராணிகள், கோவில் கணக்குப்பிள்ளைகள், வட்டிக்கடையில் வேலை பார்த்த பெரியவர்கள். இவர்களுக்குப் பட்டியல் எண் தெரியாது. ஆனால் எந்த ரசீதுக்கு எத்தனை காசு ஸ்டாம்பு ஒட்டினார்கள், சம்பளத்துக்கு ஏன் அதன்மேல் கைநாட்டு வாங்கினார்கள் என்று சொல்வார்கள். எதற்கான வரி என்ற கேள்விக்கு இவர்களைவிட நல்ல வழி இல்லை. இவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை என்பதால், நான்கு வழிகளில் இதற்கு மட்டும் காலக்கெடு இருக்கிறது. போகும்போது தாளை எடுத்துப் போங்கள், கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஸ்டாம்பு வியாபாரி. அவர் கண் கூர்மையானது. நாடு, காலம், போலி மூன்றையும் கையில் வாங்கியதும் சொல்லக்கூடியவர்கள் ஈப்போவில் உண்டு. ஆனால் வாங்கப்போகிறவரிடமே விலை கேட்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. பல ஆண்டுக்கு முன் ஒருவரிடம் ஒரு கட்டுப் பத்திரங்களைக் காட்டினேன். "தாள் எதுக்குங்க, ஸ்டாம்பை மட்டும் கொடுங்க" என்று என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலை எடுத்தார். ஒன்றை வெட்டியும் விட்டார். அதற்குப் பிறகு வியாபாரியிடம் போகும்போது முதல் வார்த்தையாக "விற்க வரலை அண்ணே, தெரிஞ்சுக்கத்தான் வந்தேன், பார்க்கிற கூலி எவ்வளவோ தர்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். நல்லவர்கள் அதை மதிக்கிறார்கள்.

சங்கங்கள். பிரிட்டனில் ரெவின்யூ சொசைட்டி இருக்கிறது. மலாயா ஸ்டாம்புகளுக்கென்றே மலாயா ஸ்டடி குரூப் இருக்கிறது. இங்கே மலேசிய ஃபிலாடெலிக் (தபால் தலை சேகரிப்பாளர்) சங்கம். தெளிவான படம், அளவு, தாளின் தேதி மூன்றும் சேர்த்துக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆட்கள் இங்கெல்லாம் இருக்கிறார்கள். 'இது என்ன, எவ்வளவுக்குப் போகும்' என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் வராது.

அசல் என்று எழுத்துப்பூர்வமாக வேண்டுமென்றால் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி லண்டன் போன்ற அமைப்புகளின் நிபுணர் குழுச் சான்றிதழ் உண்டு. கட்டணம், பதிவுத் தபால், காத்திருப்பு எல்லாம் சேரும். ஸ்ட்ரெயிட்ஸ் காலத்து 25, 100, 500 டாலர் ஸ்டாம்புகள் மாதிரி உயர் மதிப்பு கையில் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். அவ்வளவு பெரிய மதிப்புகள் பெரும்பாலும் பத்திரங்களுக்கே போயின. பேனாக் கோட்டை அழித்து, போலித் தபால் முத்திரை குத்தி விற்கும் மோசடி நடப்பதும் இவற்றில்தான். ஜப்பானியர் கால மேலச்சுகளிலும் போலி அதிகம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | செலவு | நேரம் | தாளுக்கு ஆபத்து | எந்தக் கேள்விக்கு நல்லது |
|---|---|---|---|---|
| நாமே படிப்பது | இல்லை | ஒரு சாயங்காலம் | உரிக்காதவரை இல்லை | நாடு, காலம் |
| படத் தேடல் | இல்லை | நிமிடங்கள் | இல்லை, ஆனால் அந்தரங்கம் போகலாம் | தெரியாத எழுத்து, நாடு |
| பட்டியல் | புத்தக விலை, அஞ்சல் | பழக மாதங்கள் | பின்பக்கம் பார்க்க உரிக்கும் ஆசை வரும் | சரியான வகை, எண் |
| ஊர்ப் பெரியவர் | இல்லை | ஒரு மதியம் | இல்லை | எதற்கான வரி |
| வியாபாரி | பார்க்கும் கூலி | உடனே | கத்தரிக்கோல் | விலை |
| நிபுணர் குழு | பவுண்டில் கட்டணம் | மாதங்கள் | தபால் பயணம் | அசலா போலியா |

என் வரிசை இதுதான்: தாளைப் படி, பெரியவரைக் கேள், பிறகு லென்ஸ், அதற்கும் மேல் தேவை என்றால் பட்டியல் வைத்திருக்கும் நண்பர். வியாபாரியும் சான்றிதழும் விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும்.

ஒரே ஓர் இடத்தில் இந்த வரிசையை மாற்றுவேன். பெட்டிக்குள் பூஞ்சைப் புள்ளியோ இராமபாணப் பூச்சியோ இருந்தால் அடையாளம் காண்பது அப்புறம். நம் ஊர் ஈரக்காற்றில் பழைய தாள் சீக்கிரம் கெடும். முதலில் தாள்களை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள், அமிலமில்லாத உறையில் போடுங்கள், ஒரு பை சிலிக்கா ஜெல் கூட வையுங்கள். பழைய பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்.

பேரனின் எட்டில் ஆறு தாளைப் படித்ததிலேயே தெரிந்துவிட்டன. ஏழாவது ஓர் இந்தோனேசிய மெத்தராய், லென்ஸ் சொன்னது. எட்டாவதில் ஜப்பானியர் கால மேலச்சு ஒன்று பாதி அழிந்த நிலையில் இருக்கிறது. அதை அவர் உரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாளோடு எடுத்துக்கொண்டு, தாத்தாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த தொண்ணூறு வயதுக் கிராணி ஐயா வீட்டுக்கு நாங்கள் இருவரும் போகிறோம்.